புதிய பக்கம் தேடலில் ஏன் வருவதில்லை?

நேற்று ஏற்றிய பக்கத்தை இன்று கூகுளில் தேடினால் காணவில்லை. ஏன்? நாம் தேடும் நொடியில் கூகுள் இணையத்தைத் துழாவுவதில்லை. முன்பே படித்துத் தொகுத்த சொல்லடைவில்தான் பார்க்கிறது. புத்தகத்தின் கடைசியில் சொல்லும் பக்க எண்ணுமாக இருக்குமே, அதுபோல.

அடைவில் ஏறுவது எப்படி? கிராலர் என்னும் நிரல் ஒரு பக்கத்தின் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும். யாரும் இணைப்புத் தராத பக்கம் பாதையில்லாத வீடு. அதற்காகத்தான் முகவரிகளைப் பட்டியலிட்டு சைட்மேப் கொடுக்கிறோம்.

தேடல் முடிவுகளின் வரிசை எப்படி அமைகிறது? ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கி 1998இல் விளக்கிய பேஜ்ரேங்க் முறையில், ஒவ்வோர் இணைப்பும் ஓர் ஓட்டு. பலர் சுட்டும் பக்கம் தரும் ஓட்டுக்கு எடை அதிகம்; அதே பக்கம் 100 இணைப்பு தந்தால் அந்த எடை நூறாகப் பிரியும். அழகான கணக்கு! இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன.

தலைப்பில் கவனம் வேண்டும். ‘முதல் பதிவு’ என்று யாரும் தேடமாட்டார்கள். ‘மாடித் தோட்டம்: கத்தரி பூ உதிர்வது ஏன்?’ என்று வையுங்கள். ‘கத்தரி’, ‘கத்தரியில்’, ‘கத்தரிக்கு’ மூன்றும் இயந்திரத்துக்கு வெவ்வேறு எழுத்துக்கோவைகள். வேற்றுமை உருபு ஏறாத வடிவம் ஓரிடத்திலாவது இருக்கட்டும்.