ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்த மரங்கள்

நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்துவிடுவது மனித வாழ்வில் புதிதன்று. பாசத்தின் மிகுதியால் பிள்ளையைக் கெடுத்துவிட்ட பெற்றோரை நாம் அறிவோம். தீய எண்ணத்தோடு செய்த தவற்றைக் காட்டிலும், நல்லெண்ணத்தோடு செய்த தவற்றை ஒப்புக்கொள்வதே நமக்குக் கடினமாயிருக்கிறது. அத்தகைய தவறொன்றை உணர்ந்து, அதற்குப் பரிகாரம் செய்துவருவோரின் வரலாற்றை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம். அது அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் ஓடும் ஆறுகளின் வரலாறு; அவ்வாறுகளில் பிறக்கும் சால்மன் மீனின் வரலாறு.

சால்மன் நன்னீரில் பிறந்து கடலில் வளரும் மீன். தாய்மீன் ஆற்றடியிலுள்ள கூழாங்கற்களை வாலால் அடித்துக் குழிபறித்து முட்டையிடுகிறது. பின் கற்களாலேயே அவற்றை மூடிவிடுகிறது. குளிர்ந்த தெளிந்த நீர் அக்கற்களின் இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைகள் பிழைக்கும். வண்டல் படிந்து அடைத்தால் மடிந்துபோகும். பொரித்த குஞ்சுகளில் சில இனங்கள் விரைவிலேயே கடலை நாடும். கோஹோ போன்றவை ஓராண்டுக் காலமாவது ஆற்றில் தங்கி வளரும். கடலில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், பிறந்த ஓடையின் மணத்தை நினைவிற்கொண்டு அங்கேயே திரும்பி வருகின்றன. சினூக், கோஹோ முதலிய இனங்கள் முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. அவற்றின் உடல் கடலின் சத்தை மலைக்காட்டிற்குக் கொண்டுவந்து, கரையோர மரங்களுக்கும் உரமாகிறது.

அம்மரங்கள் முதிர்ந்தும் வெள்ளத்தில் பெயர்ந்தும் ஆற்றில் விழுவது இயல்பு. 1950-களிலிருந்து 1970-கள் வரை, ஆரிகன், வாஷிங்டன் முதலிய மாநிலங்களின் மீன்வளத் துறையினர் இவற்றைக் கண்டு கவலைகொண்டனர். "மேலேறி வரும் மீனுக்கு இக்கட்டைகள் வழியை மறிக்கின்றனவே!" என்று எண்ணினர். காடு வெட்டியோர் விட்டுச்சென்ற கழிவுகளோடு, காலங்காலமாய்க் கிடந்த அடிமரங்களையும் இயந்திரங்களைக் கொண்டு இழுத்து அகற்றினர். ஓடைகள் துப்புரவாயின. மீனோ பெருகவில்லை.

ஏன்? விழுந்த மரம் மீனுக்குத் தடையன்று, வீடு. மரத்தில் மோதும் நீர் ஒருபுறம் மடுவைத் தோண்டுகிறது. மறுபுறம் வேகந்தணிந்து சரளையைப் படியவிடுகிறது. மடுவில் குஞ்சுகள் ஒதுங்கும். சரளையில் தாய்மீன் முட்டையிடும். பெரிய மரக்குவியலோ நீரைத் தேக்கி, பக்கத்திலுள்ள தாழ்நிலங்களிலும் கிளைக்கால்களிலும் பரவச் செய்யும். மரங்கள் போனபின் பல ஓடைகள் வெட்டிய வாய்க்கால் போல் நேராகப் பாய்ந்து, தம் அடியையே அரித்து ஆழ்ந்தன. கரைமேடுகளும் சாலைகளும் ஆற்றை இருபுறமும் நெருக்கின. மழைக்கால வெள்ளத்தில் விரல் நீளக் குஞ்சு ஒதுங்கி நிற்க இடமில்லாமற்போயிற்று.

வெள்ளம் பரவும் நிலம் மீன்குஞ்சுக்கு எத்தகைய தாய்மடி என்பதைக் கலிபோர்னியா மாநிலத்தின் யோலோ வெள்ளவடிகால் காட்டிற்று. சாக்ரமெண்டோ நகரைக் காக்கும் பொருட்டு, ஆற்றின் வெள்ளத்தைத் திருப்பிவிடுவதற்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 59,000 ஏக்கர் நிலம் அது. அங்கே தங்கிய சினூக் குஞ்சுகள் ஆற்றிலேயே இருந்தவற்றைவிட விரைந்து வளர்ந்தன என்று 2001-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. 2012 முதல் ஆய்வாளர்கள் அங்குள்ள நெல்வயல்களில், அறுவடைக்குப்பின் குளிர்காலத்தில் நீரைத் தேக்கிக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தனர். ஆழமின்றித் தேங்கிய நீரில் நெல்தாள் மக்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிற்றுயிர்கள் திரளாய்ப் பெருகின. அவற்றை உண்டு குஞ்சுகள் கொழுத்தன. உழவனின் நிலம் கோடையில் மனிதனுக்குச் சோறும், குளிர்காலத்தில் மீனுக்கு உணவும் தரக்கூடும் என்பது விளங்கிற்று.

ஆரிகன் மாநிலத்தின் தெற்கு மெக்கென்சி ஆற்றில் இன்னும் துணிவான முயற்சி நடந்தது. மேலே 1960-களில் கட்டப்பட்ட அணை, சரளையும் மரமும் கீழே வராதபடி தடுத்துவிட்டதால், ஆறு ஆழ்ந்து ஒடுங்கிக் கிடந்தது. 2018-இல் தொடங்கிய பணியில், ஆழ்ந்த கால்வாயை அருகிருந்த மேடுகளின் மண்ணாலும் கல்லாலும் நிரப்பி, பள்ளத்தாக்கின் தரையைச் சமப்படுத்தினர். பெருமரங்களை ஏராளமாகக் கிடத்தினர். பின்னர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்படி நீரை விட்டுவிட்டனர். ஒரே கோடாய் ஓடிய ஆறு பல கால்களாய்ப் பிரிந்து பரவிற்று. சினூக் மீன்கள் அங்கே முட்டையிட வந்தன. வேறு பல ஓடைகளிலும், 1980-கள் முதல், அகற்றிய மரங்களுக்கு ஈடாகப் புதிய மரங்களை இட்டுவருகின்றனர். சாலையில்லா இடங்களுக்கு ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்கின்றனர். அகற்றிய செலவு ஒருபுறம். திருப்பி வைக்கும் செலவு மறுபுறம்!

இது மீனின் நலம் மட்டுமன்று; நீதியும் இதில் அடங்கியுள்ளது. 1850-களில் வாஷிங்டன் பகுதியின் பழங்குடி மக்கள், உடன்படிக்கைகளின் வழியாகத் தங்கள் நிலங்களை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை அவர்களுக்குரியது என நீதிபதி போல்ட் 1974-இல் தீர்ப்பளித்தார். ஆனால், மீனில்லாத ஆற்றில் பாதி என்பது எவ்வளவு? சாலைகளுக்கு அடியில் மீனை மறிக்கும் குழாய்ப்பாலங்களை மாநில அரசு மாற்றியமைக்க வேண்டுமென அவர்கள் வழக்காடினர். 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால், அம்மக்களுக்குச் சார்பான கீழ்த்தீர்ப்பு நிலைத்தது. கொலம்பியா ஆற்றுப் பகுதியின் கத்தோலிக்க ஆயர்களும், படைப்பைப் பேணுவதையும் பொதுநலனையும் வலியுறுத்தி, அவ்வாற்றைக் குறித்தே 2001-இல் ஒரு சுற்றுமடல் வெளியிட்டனர் என்பதை இங்கு நினைவுகூர்கிறோம்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பல ஆறுகளின் சால்மன்கள் இன்றும் அழியும் ஆபத்திலுள்ளவை. அணைகள் உள்ளன, ஆற்றுநீரும் கடல்நீரும் வெப்பமேறி வருகின்றன. கரையில் இன்று நடும் கன்று, ஆற்றைத் தாங்கும் பெருமரமாகி விழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகலாம். நட்டவர் அதைக் காணப்போவதில்லை.

ஆயினும் நடுகிறார்கள். தங்கள் துறை முன்பு செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே ஓடைகளில் இறங்கி வேலை செய்கிறார்கள். நமக்குக் குப்பையாகத் தோன்றுவது மற்றோர் உயிரின் தொட்டிலாக இருக்கலாம். ஒன்றை அகற்றுமுன், அது அங்கே ஏன் கிடக்கிறது என்று சற்றுப் பொறுத்துக் கேட்போம். கேளாமல் அகற்றியிருந்தால், "தவறிவிட்டோம்" என்று சொல்லித் திருப்பி வைப்போம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.