கொட்டும் மழையில் 326 கிலோ மீட்டர்!

மழை பெய்யும்போது சைக்கிளில் பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? இரண்டு கிலோ மீட்டர் போவதற்குள் சட்டை நனைந்துவிடும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு முதுகெல்லாம் கோலம் போட்டுவிடும். பிரேக் பிடித்தாலும் சைக்கிள் சற்றுத் தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

இப்படிப்பட்ட மழையில், சென்னையிலிருந்து திருச்சி வரை உள்ள தூரத்தை ஒரே மூச்சில் சைக்கிளில் கடக்க வேண்டும் என்று சொன்னால்? நடுவில் நான்கு பெரிய மலைகளையும் ஏறி இறங்க வேண்டும் என்று சொன்னால்?

அப்படி ஒரு நாள் உண்மையிலேயே வந்தது. 1926ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில்!

நாட்டைச் சுற்றும் பந்தயம்

'டூர் டி பிரான்ஸ்' என்ற சைக்கிள் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டையே சுற்றி வரும் பந்தயம் இது. 1903ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்குவதற்காக இதைத் தொடங்கியது. முதல் பந்தயத்தில் 60 பேர் கலந்துகொண்டார்கள்.

ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு வெற்றி.

அந்தச் செய்தித்தாளின் ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச்தான் பந்தயத்தை நடத்தினார். மிகவும் கண்டிப்பானவர். ஒவ்வொருவரும் சொந்த பலத்தில்தான் பந்தயத்தை முடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சைக்கிள் உடைந்தால் தானேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறர் கை வைக்கக் கூடாது!

துருத்தி ஊதிய சிறுவன்

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1913ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியே சாட்சி.

யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரர் தூர்மலே என்ற மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பத்துக் கிலோ மீட்டருக்கும் மேல் நடந்தே கீழே இறங்கினார். ஒரு கிராமத்தில் கொல்லர் பட்டறை இருந்தது. அங்கே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஃபோர்க்கை ஒட்டவைத்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கைகளும் இரும்பைப் பிடித்திருக்கும்போது துருத்தியை யார் ஊதுவது? அங்கிருந்த ஒரு சிறுவன் ஊதினான். அவ்வளவுதான்! "பிறர் உதவியைப் பெற்றார்" என்று கிறிஸ்டோஃபுக்கு 10 நிமிடம் தண்டனை விதித்தார்கள். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை இழந்திருந்தவருக்கு மேலும் ஒரு தண்டனை!

அந்த மழை நாள்

இப்போது 1926க்கு வருவோம். அந்த ஆண்டின் மொத்தத் தூரம் 5,745 கிலோ மீட்டர். டூர் டி பிரான்ஸ் வரலாற்றிலேயே மிக நீளமான பந்தயம் அதுதான்.

ஜூலை 6 அன்று பயோன் என்ற ஊரிலிருந்து லூஷோன் என்ற ஊருக்கு 326 கிலோ மீட்டர் போக வேண்டும். வழியில் பைரனீஸ் மலைத்தொடர். அதில் தூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். நம் ஊட்டியின் உயரத்துக்குச் சற்றுக் குறைவு.

இருட்டு விலகுவதற்கு முன்பே 76 வீரர்கள் புறப்பட்டார்கள். மழை கொட்டியது. மலையில் குளிர்காற்று வீசியது. தார் போடாத மண் சாலை சேறாகிவிட்டது.

அந்தக் காலத்துச் சைக்கிளில் இன்றைக்கு இருப்பதுபோல் விரல் நுனியில் கியர் மாற்ற முடியாது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரங்கள் இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். இறக்கம் வந்தால் மறுபடியும் அதே வேலை. விரல்கள் குளிரில் விறைத்துப்போனால் இதை எப்படிச் செய்வது?

விரல்கள் ஏன் விறைக்கின்றன, தெரியுமா? நனைந்த உடம்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். மலை இறக்கத்தில் வேகமாகப் போகும்போது காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக, உடல் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் விரல்கள் சொன்னபடி கேட்காது.

அன்று முதலில் வந்து சேர்ந்தவர் பெல்ஜியம் நாட்டு வீரர் லூசியன் புய்ஸ். அவருக்கு ஆன நேரம் 17 மணி 12 நிமிடம்! அடுத்தவர் வருவதற்கு மேலும் 25 நிமிடம் ஆயிற்று.

புய்ஸின் மனத்தில் வேறொரு பாரமும் இருந்தது. பந்தயம் தொடங்கிய சில நாட்களில் அவருடைய மகள் இறந்துபோன செய்தி வந்தது. பந்தயத்தை விட்டுவிட நினைத்தார். "மகளுக்காக வெற்றி பெற்று வா" என்று குடும்பத்தார்தான் அவரைத் தேற்றினார்கள். அந்த ஆண்டின் பந்தயத்தில் முதலிடம் பெற்றவரும் அவர்தான்.

விதி வளைந்தது

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? நேரம் போய்க்கொண்டே இருந்தது. பலரைக் காணவில்லை. பந்தயம் நடத்தியவர்கள் பதறிப்போனார்கள். மலைப்பாதையில் வீரர்களைத் தேடிக் கார்களை அனுப்பினார்கள்.

கடைசியில் 54 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர், வழியில் வண்டியில் ஏறி வந்ததை ஒப்புக்கொண்டார்கள். துருத்தி ஊதியதற்கே தண்டனை கொடுத்த பந்தயம் ஆயிற்றே, என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரையும் தண்டிக்கவில்லை! வந்து சேரவேண்டிய கால வரம்பையும் நீட்டித்தார்கள். உயிருக்கு ஆபத்து வரும்போது விதியைவிட மனிதர்தான் முக்கியம் அல்லவா?

நண்பனுக்கு ஒரு சக்கரம்

1930ஆம் ஆண்டில் பந்தயத்தின் முறையே மாறியது. நாடுகளின் பெயரால் அணிகள் வந்தன. அணித் தோழர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம் என்று ஆனது.

1934ஆம் ஆண்டு, பிரான்ஸ் அணித் தலைவர் அன்டோனின் மேக்னின் சக்கரம் மலை இறக்கத்தில் உடைந்தது. அதே அணியில் இருந்த 20 வயது ரெனே வியேட்டோ தன் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு சாலையோரச் சுவரில் உட்கார்ந்து, மாற்றுச் சக்கரம் வரும்வரை காத்திருந்தார். மறுநாளும் மேக்னுக்குச் சிக்கல். முன்னால் போய்விட்ட வியேட்டோ, திரும்பி மலையேறி வந்து உதவினார். அந்த ஆண்டு மேக்ன் வென்றார். ஐந்தாம் இடம் பெற்ற வியேட்டோவையும் மக்கள் கொண்டாடினார்கள்.

இன்று டூர் டி பிரான்ஸில் மழை வந்தால் என்ன நடக்கும்? ஒரு வீரர் வேகத்தைக் குறைத்து, பின்னால் வரும் அணியின் காருக்குப் போவார். மழைக்கோட்டுகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மறுபடியும் முன்னேறித் தோழர்களுக்குக் கொடுப்பார். எதிர்காற்று வீசினால் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்குப் பெருமளவு சிரமம் குறையும். தாங்கிக் களைத்தவர் பின்னால் போக, அடுத்தவர் முன்னால் வருவார்.

மலை உச்சியில் நிற்கும் மக்கள், வீரர்களுக்குச் செய்தித்தாள் கொடுக்கும் வழக்கமும் உண்டு. படிப்பதற்கு அல்ல! அதைச் சட்டைக்குள் நெஞ்சை மறைத்து வைத்துக்கொண்டால், இறக்கத்தில் குளிர்காற்று உடம்பில் நேராகத் தாக்காது.

மழையில் நீங்கள் செல்லும்போது...

* பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாகப் பிடியுங்கள். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது.
* தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கலாம். சுற்றிப் போங்கள், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.
* ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டவே ஓட்டாதீர்கள்.
* இடி மின்னல் இருந்தால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். மரத்தடியில் நிற்கக் கூடாது.
* வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.
* மழையில் தோழனின் சைக்கிள் பஞ்சரானால் அவனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரமான டியூபில் சொல்யூஷன் ஒட்டாது. ஒருவர் டியூபைத் துடைக்க வேண்டும், ஒருவர் ஒட்டுப் போட வேண்டும், இன்னொருவர் குடை பிடிக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும்!