கரிசல் கணினி – 14: பருத்திமாரில் தங்கும் புழு

"அண்ணாச்சி, டிசைன் ஃபைல் அத்தனையும் போச்சு. தீபாவளி ஆர்டர் கெடக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

புதியம்புத்தூரில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் தம்பி ஒருவர் போனில் அழாத குறையாகச் சொன்னார். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர் இது. சுடிதார் கழுத்துக்கான பூ டிசைனைக் கணினியில் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் செருகுவார்கள். அந்தப் பென்டிரைவ் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, தெருவெல்லாம் சுற்றும்.

போய்ப் பார்த்தேன். பென்டிரைவுக்குள் ஃபோல்டர்கள் பழைய பெயரிலேயே இருந்தன. ஆனால் ஒவ்வொரு மஞ்சள் படத்தின் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்பு. அளவு வெறும் 2 கேபி. ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' கட்டத்தைப் பார்த்தேன். ஃபோல்டர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டளை இருந்தது. ஃபோல்டரைத் திறக்கிறோம் என்று நினைத்துச் சொடுக்கும்போதெல்லாம் புழுவை ஓடவிடுகிறோம். அது தன் வேலையை முடித்துவிட்டு ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. 'ஷார்ட்கட் வைரஸ்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

"ஃபார்மட் அடிச்சிரலாமா அண்ணாச்சி?"

"வேண்டாம் தம்பி. எதுவும் அழியலை. ஒளிச்சுதான் வச்சிருக்கு."

போன வாரம்தான் ஒரு கடையில் காசு கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கியிருக்கிறார். மூன்றே நாளில் திரும்பிவிட்டது. ஏன் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

அதற்கு முன் ஒன்று: பெயரில் வைரஸ் என்று இருந்தாலும் இது புழு வகைதான். வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு பிழைப்பது. புழுவுக்கு அந்தத் துணை தேவையில்லை. தன்னைத் தானே நகலெடுத்துப் பரவும். 2008 நவம்பரில் தலைகாட்டி உலகை உலுக்கிய கான்ஃபிக்கர் புழு இதற்குச் சரியான பாடம். விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது, எளிய பாஸ்வேர்டு போட்ட நெட்வொர்க் கணினிகளில் புகுந்தது, பென்டிரைவிலும் ஏறியது. உள்ளே வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாது. எழுதியவர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுத்தால் 2,50,000 டாலர் என்று 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2008 அக்டோபர் 23 அன்றே வந்துவிட்டது. 2017 மே 12-இல் வானாக்ரை புழு தாக்கியபோதும் இதே கதைதான்: மருந்து அந்த மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. போடாத கணினிகளே மாட்டின.

தம்பியின் கணினியில் முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தேன். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் ஓடத் தொடங்குமுன்னே தேடும். ஓடாத புழுவால் ஒளிய முடியாது. கால் மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகே பென்டிரைவைச் செருகி ஸ்கேன் செய்தேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னதும் டிசைன்கள் மங்கலாகத் தலைகாட்டின. அவற்றை மட்டும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்தோம்.

புழு திரும்பி வந்ததற்குக் காரணம் இரண்டு. கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவர் லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் போட்டு, அப்டேட்டையும் பாதுகாப்பையும் அணைத்து வைத்திருந்தார். இது ஒன்று. கடையில் கணினியைத்தான் சுத்தம் செய்தார்களே தவிர, வீட்டில் கிடந்த பென்டிரைவ்களை யாரும் தொடவில்லை. இது இரண்டு.

நம் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இது புதிதல்ல. பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்தச் சொல்வது எதற்காக? காய்ந்த மாரிலும் வெடிக்காத காயிலும் தங்கும் காய்ப்புழு அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கும் என்பதற்காகத்தான். நீங்கள் பிடுங்கி, பக்கத்துப் புஞ்சைக்காரர் விட்டுவைத்தாலும் பலனில்லை. பென்டிரைவ்தான் கணினிப் புழுவுக்குப் பருத்திமார்.

ஆகவே, சுத்தம் செய்யும் நாளில் வீட்டிலுள்ள பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் செய்யுங்கள். முறையான விண்டோஸ் போட்டு அப்டேட்டைத் திறந்துவையுங்கள். அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புழு ஓடிய கணினியில் அடித்த மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். டிசைன்களுக்கு ஒரு பிரதி தனியே எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' உண்டு. புழு நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. சென்னையில் பிறந்த கே7 நிறுவனத்தின் கருவியும் அதில் இருக்கிறது.

தம்பி அன்று மாலையே தெருவில் டிசைன் வாங்கும் நான்கு வீடுகளுக்கும் போய்ப் பென்டிரைவ்களை வாங்கி வந்தார். ஐந்து பென்டிரைவ்களில் மூன்றில் புழு இருந்தது. உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் இந்த வாரம் அப்படிக் கிளம்புங்கள்.

(தொடரும்)