செருகு சேவைகளும் உள்ளமைவுக் கோப்பும்: ஜோஹோ டெஸ்க், மீடியாவிக்கி வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சேவையகத்தில் இயங்கும் மென்பொருள் தன் பணிகள் அனைத்தையும் தானே செய்வதில்லை. தேவைக்கேற்பச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய செருகு சேவைகளை அது ஏற்று நடத்துகிறது. எந்தச் சேவையை ஏற்ப்பது, எந்த நிபந்தனையில் ஏற்பது என்பவற்றை உள்ளமைவுக் கோப்பு முடிவுசெய்கிறது. தென்காசிப் பகுதியில் வளர்ந்த ஜோஹோ டெஸ்க், தமிழ் விக்கிமூலத்துக்கு அடிப்படையான மீடியாவிக்கி ஆகிய இரண்டையும் கொண்டு இவ்வேற்பு முறையை இக்கட்டுரை விளக்குகிறது. மின்னூலகம் ஒன்றைப் பேணுவோர் நூற்பாடத்துடன் உள்ளமைவையும் ஆவணமாகப் பேண வேண்டும் என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சேவையகம், செருகு சேவை, நீட்சி, உள்ளமைவு, பெயர்வெளி, விக்கிமூலம், மின்னாவணக் காப்பு

முன்னுரை

தென்காசி, குற்றாலம், வடகரை முதலிய ஊர்கள் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வேளாண்மைக்கும் அருவிகளுக்கும் பெயர்பெற்றது. 2019ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, அதற்கு முன்பே மென்பொருள் துறையில் இடம்பெற்றுவிட்டது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம், 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. வாடிக்கையாளர் குறைகளைப் பெற்றுத் தீர்க்க உதவும் ஜோஹோ டெஸ்க் என்னும் மென்பொருளின் உருவாக்கத்தில் அவ்வலுவலகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இத்தகைய மென்பொருள்கள் நாள்தோறும் பயன்படுகின்றன. எனினும் அவற்றின் உள்ளமைப்பு குறித்த விளக்கம் தமிழாய்வாளரிடையே பரவலாக இல்லை. மின்னூலகங்களையும் இணைய இதழ்களையும் துறைத் தளங்களையும் பேணும் பொறுப்பு இன்று தமிழ்த்துறையினரிடமும் வந்து சேர்வதால், அவ்விளக்கம் தேவையாகிறது.

ஏற்பின் நான்கு படிகள்

சேவையகச் செயலி ஒரு செருகு சேவையை ஏற்பதில் நான்கு படிகளைக் காணலாம். முதலாவது அறிவிப்பு. சேவை தன் பெயர், பதிப்பு எண், தேவைகள், செய்யவிருக்கும் பணி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதித் தருகிறது. இரண்டாவது சரிபார்ப்பு. கேட்ட தேவைகள் உள்ளனவா, பதிப்புகள் பொருந்துகின்றனவா என்று செயலி ஆராய்கிறது. மூன்றாவது இணைப்பு. செயலியின் ஓட்டத்தில் முன்கூட்டியே விடப்பட்டுள்ள இடங்களில் சேவை தன்னைப் பொருத்திக்கொள்கிறது. இவ்விடங்கள் கொக்கிகள் எனப்படும். நான்காவது மேலாண்மை. சேவையைப் புதுப்பித்தல், நிறுத்துதல், நீக்குதல் ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றுள் ‘நிறுவப்பட்டது’, ‘இயக்கப்பட்டது’ என்னும் இரு நிலைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு சேவையின் நிரல் வட்டில் இருப்பதால் மட்டும் அது இயங்கிவிடாது. இயக்குக என்னும் ஆணை உள்ளமைவுக் கோப்பில் இருத்தல் வேண்டும். அவ்வாணையை நீக்கினால் நிரலும் தரவும் அப்படியே இருக்க, சேவை மட்டும் நின்றுவிடும்.

வெளியே இயங்கும் நீட்சி

ஜோஹோ டெஸ்க்குக்கு நீட்சி எழுதுவோர் ‘பிளகின்-மேனிஃபெஸ்ட்’ என்னும் அறிவிப்புக் கோப்பை ஆக்குகின்றனர். நீட்சி திரையில் எவ்விடத்தில் தோன்ற வேண்டும், எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும், நிறுவும்போது பயனரிடம் எவ்விவரங்களைக் கேட்க வேண்டும் என்பன அதில் இடம்பெறும். எடுத்துக்காட்டாக, ஒரு குறைச்சீட்டின் விவரப் பக்கத்தில் வலப்புறப் பலகையை நீட்சி தனக்கெனக் கேட்டுப் பெறலாம்.

இந்நீட்சி உலாவியில் ஒரு தனிச் சட்டகத்துக்குள் இயங்குகிறது. சேவையகத்தின் மைய நிரலோடு கலப்பதில்லை. எனவே நீட்சி பழுதுபட்டால் அப்பலகை வெறுமையாகும். ஏனைய பணிகள் தொடரும். இது இம்முறையின் பாதுகாப்பு. மைய மென்பொருள் திறந்துவிட்ட வழிகளைத் தவிர வேறெதையும் நீட்சி தொட இயலாது என்பது இதன் எல்லை. பலருக்கும் பொதுவான ஒரே சேவையகத்தில் பல நிறுவனங்களின் தரவு இருக்கும்போது இவ்வெல்லை இன்றியமையாதது.

உள்ளே இயங்கும் நீட்சி

மீடியாவிக்கி இதற்கு மாறான முறையைக் கொண்டது. விக்கிப்பீடியா, விக்கிமூலம் ஆகியவற்றுக்கும், 2005இல் தொடங்கப்பட்ட ஈழத்து நூலகம் திட்டத்தின் மின்னூலகத்துக்கும் இம்மென்பொருளே அடிப்படை. இதில் நீட்சி சேவையகத்தின் உள்ளேயே, மைய நிரலோடு சேர்ந்து இயங்குகிறது. அதனால் புதிய பக்க வகைகளை உண்டாக்கவும், எழுதப்பட்ட குறியீடுகளுக்குப் புதிய பொருள் தரவும் அதனால் முடியும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நீட்சியின் நிரற்கோப்பையும் ‘லோக்கல்செட்டிங்ஸ்’ என்னும் உள்ளமைவுக் கோப்பில் நேரே சேர்க்க வேண்டியிருந்தது. 2015இல் வெளிவந்த 1.25ஆம் பதிப்பு இதை மாற்றியது. அது முதல் ஒவ்வொரு நீட்சியும் ‘எக்ஸ்டென்ஷன்.ஜேசன்’ என்னும் அறிவிப்புக் கோப்பைக் கொண்டுவரலாம்; உள்ளமைவில் அதன் பெயரைச் சுட்டும் ஒரு வரி போதும். தேவையான மீடியாவிக்கிப் பதிப்பு, சார்ந்திருக்கும் பிற நீட்சிகள், பயன்படுத்தும் கொக்கிகள், மாற்றத்தக்க அமைப்புகள் ஆகியவை அறிவிப்பில் அமைகின்றன.

தேவை நிறைவேறாதபோது தளம் பிழை காட்டி நின்றுவிடுகிறது. உள்ளமைவில் பெயர் இருந்து கோப்பு இல்லாவிட்டாலும் இதே விளைவுதான். ஒரு நீட்சியின் குறை தளம் முழுவதையும் நிறுத்துவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் பழுதை மறைத்துக்கொண்டு தவறான பாடத்தைக் காட்டும் தளத்தைவிட, நின்றுபோகும் தளம் நூலகத்துக்குத் தீங்கு குறைந்தது. நின்றதை உடனே அறிந்து திருத்தலாம்.

விக்கிமூலத்தின் மெய்ப்புச் சேவை

தமிழ் விக்கிமூலத்தில் நூலின் ஒளிவருடிய பக்கம் ஒருபுறமும் தட்டெழுதிய பாடம் மறுபுறமுமாகத் தோன்றுவது ‘புரூஃப்ரீட்பேஜ்’ என்னும் நீட்சியின் பணி. இது நூல்களுக்கென ஓர் அட்டவணைப் பெயர்வெளியையும், அவற்றின் பக்கங்களுக்கென ஒரு பக்கப் பெயர்வெளியையும் உண்டாக்குகிறது. இப்பெயர்வெளிகளுக்கு இயல்பாக 252, 250 என்னும் எண்கள் அமைகின்றன. உள்ளமைவின் வழி இவற்றை மாற்றவும் இயலும். உரையற்றது, மெய்ப்புப் பார்க்கப்படாதது, சிக்கலானது, மெய்ப்புப் பார்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது என ஐந்து நிலைகளில் ஒவ்வொரு பக்கத்தின் தரமும் பதிவாகிறது.

இந்நீட்சி பிற சேவைகளையும் வேண்டுகிறது. பிடிஎஃப் நூலைப் பக்கம் பக்கமாகக் காட்ட ‘பிடிஎஃப்ஹேண்ட்லர்’ என்னும் மற்றொரு நீட்சி தேவை. அதற்கோ இயங்குதளத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட், பாப்ளர் ஆகிய கருவிகள் இருத்தல் வேண்டும். வாசகர் காணும் ஒரு பக்கத்தின் பின்னே இவ்வாறு ஒரு சார்புச் சங்கிலி உள்ளது. அதன் கடைக் கண்ணி மீடியாவிக்கிக்கே வெளியே இருக்கிறது.

உள்ளமைவில் புரூஃப்ரீட்பேஜுக்குரிய வரி விடுபட்டதாகக் கொள்வோம். தரவுத்தளத்தில் ஓர் எழுத்தும் அழிவதில்லை. ஆனால் அவ்வெண்களுக்குரிய பெயர்வெளியைத் தளம் அறியாததால் அப்பக்கங்களை வாசகர் அடைய இயலாது. பல பக்கங்களைத் தொகுத்து நூலாகக் காட்டும் குறியீடு, பொருளற்ற எழுத்து வரியாகத் திரையில் நிற்கும். பல்லாண்டுகள் மெய்ப்புப் பார்த்த உழைப்பு இருந்தும் இல்லாததாகிறது.

ஆவணமாகப் பேணத்தக்கவை

மீடியாவிக்கியின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதியில் பாடம், திருத்த வரலாறு, மென்பொருளின் பதிப்பு எண், பெயர்வெளிகளின் பட்டியல் ஆகியவை அடங்கும். இயங்கிய நீட்சிகளின் பட்டியலும் அவற்றின் அமைப்புகளும் அதில் இரா. மெய்ப்புப் பக்கங்கள் தனி உள்ளடக்க மாதிரியில் சேமிக்கப்படுவதால், அம்மாதிரியை அறியாத தளம் அவற்றை முறையாகக் கையாள முடியாது. ஆகவே ஏற்றுமதிக் கோப்பு மட்டும் முழுமையான காப்பு ஆகாது.

விக்கிமீடியா நிறுவனம் தன் தளங்களின் உள்ளமைவைப் பொதுவில் காணத்தக்க கிட் களஞ்சியத்தில் வைத்துள்ளது. கடவுச்சொல் முதலியவை அதிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே உள்ளன. எந்த அமைப்பை யார், எப்போது மாற்றினார் என்பதும் மாற்றக் குறிப்பும் அங்கே பதிவாகின்றன. சிறு மின்னூலகங்களும் இம்முறையைப் பின்பற்றலாம். ஒவ்வொரு காப்புப் பிரதியுடனும் பின்வருவன சேர வேண்டும்: மறைவிவரம் நீக்கிய உள்ளமைவுக் கோப்பு, நீட்சிகளின் பெயரும் பதிப்பும், தரவுத்தளம், இயங்குதளக் கருவிகள் ஆகியவற்றின் பதிப்புகள், ஒவ்வொரு நீட்சியும் ஏன் சேர்க்கப்பட்டது என்னும் ஒருவரிக் குறிப்பு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் அப்பிரதியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எழுப்பிப் பார்க்கும்வரை காப்பு என்பது நம்பிக்கை மட்டுமே.

முடிவுரை

வெளியே இயங்கும் நீட்சி பாதுகாப்பையும், உள்ளே இயங்கும் நீட்சி ஆற்றலையும் தருகின்றன. ஆற்றல் மிகுந்தோறும் தரவு உள்ளமைவைச் சார்ந்திருப்பதும் மிகுகிறது. தமிழ்ப் பதிப்பு மரபு தான் பயன்படுத்திய ஏட்டுப் பிரதிகளை முகவுரையில் குறித்து வைத்தது. பாடம் எவ்வழி வந்தது என்பதைப் பின்வருவோர் ஆராய அக்குறிப்பே துணையாயிற்று. மின்பாடம் எவ்வழி வாசிக்கத்தக்கதாகிறது என்பதைக் கூறுவது உள்ளமைவுக் கோப்பு. அதையும் பதிப்பின் ஒரு பகுதியாகக் கொள்வது மின்னூலகங்களைப் பேணும் தமிழாய்வாளரின் கடமையாகிறது.