வீடு தேடி வந்த வகுப்பு!

பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு! ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டு!

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய் பரவியது. தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் மீண்டும் திறந்தன.

அதுவரை பிள்ளைகளுக்கு யார் பாடம் சொன்னார்கள்? டெலிவிஷன் சொன்னது. செல்போன் சொன்னது. பிள்ளைகள் படித்தார்களா?

கோட்டூர்புரத்தில் இருந்து...

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அரசின் "கல்வி தொலைக்காட்சி" அங்கே 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கியது. அப்போது நோய் பற்றி யாருக்கும் தெரியாது. மறு ஆண்டே அது பெரிய துணை ஆகிவிட்டது. செல்போன் இல்லாத வீட்டிலும் பாடம் கேட்டது.

ஆனால், ஒரு குறை. டெலிவிஷன் பேசும், கேட்காது. "புரியவில்லை, சார்!" என்று பிள்ளை கை தூக்கினால், அதற்குத் தெரியாது.

அடையாற்றில் ஒரு புதுமை

நூலகத்துக்குக் கொஞ்ச தூரத்தில், அடையாற்றை அடுத்து, சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. 1959-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. அங்கே சேருவது குதிரைக் கொம்பு!

அந்தக் கல்லூரி 2020-ம் ஆண்டு ஜூன் மாதம், வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் படிக்கும் பட்டப் படிப்பை அறிவித்தது. கடினமான நுழைவுத் தேர்வு தேவை இல்லை. முதலில் 4 வாரப் பாடம்; பிறகு ஒரு பரீட்சை. அதில் தேறினால் இடம்! வேலை பார்ப்பவர்களும் சேரலாம். பாடம் வீட்டில் என்றாலும், பரீட்சைக்கு நேரில் வரவேண்டும்.

வளர்ந்தவர்கள் இப்படித் தாமே படித்துக்கொள்வார்கள். "அ, ஆ" எழுதும் குழந்தை என்ன செய்யும்?

பேராசிரியர் கண்ட உண்மை

பொருளாதாரப் பேராசிரியர் கார்த்திக் முரளிதரன் இதற்கு விடை தேடினார். இவர் அமெரிக்காவில் சாண்டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிகிறார். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ என்ற அறிஞர்களும் அவருடன் சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-ம் ஆண்டு நடந்த சோதனையுடன் ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கி இருந்தார்கள். தமிழைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இழப்பு கணக்கில்! வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள்.

ஆனால், பள்ளி திறந்த 6 மாதத்தில் ஓர் அதிசயம்! இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அதிகம் இழந்த ஏழைப் பிள்ளைகளே வேகமாக முன்னேறினார்கள்.

வாசலில் வந்த அக்காள்

முதல் காரணம், பள்ளி திறந்தது. இன்னொரு காரணம், "இல்லம் தேடிக் கல்வி". இதை 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

படித்த உள்ளூர்ப் பெண்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். திண்ணையும் வகுப்பு ஆயிற்று! ஒரு வகுப்புக்குச் சுமார் 20 பிள்ளைகள். விளையாட்டு, பாட்டு, கதை, கணக்கு. இவர்களுக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை.

மீண்ட படிப்பில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்பால் வந்தது என்று அந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு!

டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் வேண்டாம் என்பது அல்ல. எட்டாத பாடத்தை அவை வீட்டுக்குக் கொண்டுவரும். ஆனால், குழந்தையின் முகம் வாடினால் கண்டுகொள்ள ஓர் ஆள் வேண்டும்.

இன்று மாலை உங்கள் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது, அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் போதும். பிள்ளை சொல்லும்!