கதுலுவும் கிசுகிசுப்பவரும்: இரு சிறுசெலவு அண்டத் திகில் படங்கள்

தி விஸ்பரர் இன் டார்க்னெஸ் என்பது 2011 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கருப்பு வெள்ளைத் திகில் படமாகும். எச். பி. லவ்கிராஃப்ட் வரலாற்றுச் சங்கம் என்னும் ஆர்வலர் குழு இதைத் தயாரித்தது. இதே குழு 2005 இல் தி கால் ஆஃப் கதுலு என்ற படத்தை எடுத்திருந்தது. முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் பிந்தையதைச் சரியாக மதிப்பிட இயலாது.

அண்டத் திகில் என்றால் என்ன?

எழுத்தாளர் லவ்கிராஃப்ட் (1890–1937) வளர்த்தெடுத்த வகை இது. பேய்க்கதையில் பேய்க்கு ஒரு காரணம் இருக்கும். பழி தீர்ந்தால் அது போய்விடும். அண்டத் திகிலில் அப்படியில்லை. மனிதனைவிடப் பன்மடங்கு பழமையான சக்திகள் இருக்கின்றன. அவை நம்மைப் பொருட்படுத்துவதே இல்லை. இந்த அற்பத்தன்மையை உணர்வதுதான் அச்சத்தின் மூலம். எனவே இவ்வகைப் படத்தில் அரக்கனைக் காட்டுவது எளிது, அந்த உணர்வைக் காட்டுவதே கடினம்.

முதல் படம்

மூலக்கதை 1926 இல் எழுதப்பட்டு, 1928 இல் வியர்ட் டேல்ஸ் இதழில் வெளியானது. இறந்துபோன உறவினரின் காகிதங்களைப் படிக்கும் ஒருவர், சிற்பியின் கனவு, லூசியானா சதுப்புநில வழிபாடு, கடலோடியின் குறிப்பு ஆகியவற்றை இணைத்து ஓர் உண்மையை அடைகிறார். ஆண்ட்ரூ லீமன் இயக்கிய இப்படம் 47 நிமிடமே ஓடும். கதை வெளியான காலத்திலேயே எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படியே ஊமைப்படமாக எடுத்தனர். செலவு ஏறத்தாழ 50,000 டாலர் எனக் குறிப்பிடப்படுகிறது.

இந்த முடிவு வறுமையையே பலமாக்கியது. ஊமைப்படத்தில் கோணலான அட்டைச் சுவர்களும் அசைந்து அசைந்து வரும் பொம்மை அரக்கனும் குறையாகத் தோன்றுவதில்லை. அக்கால மரபாகவே தோன்றுகின்றன. விதிகளுக்கு அடங்காத வடிவியல் கொண்ட ரிலியே நகரத்துக்கு ஜெர்மானிய வெளிப்பாட்டியல் பாணி அரங்கம் மிகவும் பொருந்துகிறது.

இரண்டாம் படம்

இது 1931 இல் வெளியான கதை. ஷான் பிரானி இயக்கினார். இது 1930களின் பேசும்படப் பாணியில் அமைந்தது. நீளமும் செலவும் முதல் படத்தைவிட மிகுதி. முதல் படத்தில் நடித்த மாட் ஃபோயரே இதிலும் நாயகன். 1927 இல் வெர்மான்ட் மாநிலத்தில் உண்மையாகவே ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின், ஆறுகளில் விசித்திர உடல்கள் மிதந்ததாகக் கதை தொடங்குகிறது. மலைப்பண்ணையில் வாழும் ஏக்லி என்பவரின் கடிதங்களால் ஈர்க்கப்பட்டு, பேராசிரியர் வில்மார்த் அங்கே செல்கிறார்.

இருண்ட அறையில் நாற்காலியில் அமர்ந்தபடி ஏக்லி கிசுகிசுக்கும் காட்சியே படத்தின் உச்சம். அரக்கன் எதுவும் தெரிவதில்லை. ஒரு குரலும் அசையாத முகமும் மட்டுமே. செலவும் குறைவு, அச்சமோ அதிகம்.

எங்கே சறுக்குகிறது?

நாற்காலியில் இருந்தது யார் என்ற திடுக்கிடலோடு மூலக்கதை முடிந்துவிடும். படம் அங்கே நிற்காமல், ஒரு சிறுமியைக் காப்பாற்றும் முயற்சி, விமானத் துரத்தல் எனப் புதிய பகுதியைச் சேர்க்கிறது. நாயகன் எதிர்த்துப் போராடத் தொடங்கியதும் அண்டத் திகில் சாகசக் கதையாகிவிடுகிறது. மேலும், பறக்கும் உயிரினங்களின் கணினி வரைகலை அசைவு 1930களைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. முதல் படம் பார்வையாளரோடு செய்துகொண்ட உடன்பாடு இங்கே முறிகிறது.

எனினும் அப்பகுதியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இதுவரை நமக்குக் கதை சொன்ன வில்மார்த்தின் குரல் எங்கிருந்து வருகிறது என்பது இறுதியில் தெரியும்போது, போராட்டம் வீண் என்ற உண்மை திரும்பிவருகிறது. படம் தன் வகைக்கு மீண்டும் உண்மையாகிறது.

மதிப்பீடு

முழுமை என்ற அளவில் முதல் படமே சிறந்தது. ஒரே எண்ணத்தை எடுத்துக்கொண்டு, கையிலிருந்ததைக் கொண்டு அதை நிறைவேற்றியது. நடிப்பு, உரையாடல், பாத்திர ஆழம் ஆகியவற்றில் இரண்டாம் படம் முன்னேறியிருக்கிறது. இங்கே மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று. “குறைந்த செலவில் எடுத்தார்கள், பாவம்” என்று சலுகை காட்டுவது மதிப்பீடு ஆகாது. கையிலிருந்த பொருளுக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தார்களா, அந்த வடிவத்துக்கு இறுதிவரை உண்மையாக இருந்தார்களா என்று கேட்பதே முறையான மதிப்பீடு. முதல் படம் இரண்டுக்கும் ஆம் என்கிறது. இரண்டாம் படம் முதல் கேள்விக்கு ஆம் என்றும், அடுத்ததற்குப் பெரும்பாலும் என்றும் விடை தருகிறது.