எலும்பை ஒட்டவைப்பது யார்?

தம்பி தங்கைகளே, ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் கை முறிந்ததாக வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவு. மாவுக்கட்டு போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கைக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன், எலும்புக்குள் இரண்டு கம்பி. "அப்படியானால் மாவு லேசான மருந்து, கம்பி பலமான மருந்தா?" என்று கேட்பீர்கள். இரண்டுமே மருந்து இல்லை. எலும்பை ஒட்டவைப்பது எலும்பேதான்.

எலும்பு முறிந்ததும் அதனுள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுந்து, அங்கே ரத்தம் உறைகிறது. அந்த ரத்தக்கட்டுக்குள் செல்கள் வந்து சேர்ந்து வேலையைத் தொடங்குகின்றன. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள், வளைகிறதல்லவா? அதுபோன்ற குருத்தெலும்பு சில வாரங்களில் இரு முனைகளுக்கும் நடுவே பாலம் கட்டுகிறது. பிறகு அது கெட்டி எலும்பாக மாறுகிறது. முதலில் அந்த இடம் முண்டாகப் புடைத்திருக்கும். ஒருவகைச் செல்கள் வேண்டாத எலும்பை அரித்தெடுக்க, இன்னொருவகைச் செல்கள் வேண்டிய இடத்தில் புது எலும்பைக் கட்ட, மாதக்கணக்கில் செதுக்கும் வேலை நடக்கிறது. தோலில் பட்ட ஆழமான காயம் தழும்போடுதான் ஆறும். எலும்போ தழும்பில்லாமல் மறுபடி எலும்பாகவே ஆறுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் உடம்பில் தெரியவில்லை.

டாக்டர் செய்வது, முனைகளை நேராகச் சேர்த்து, வேலை முடியும்வரை விலகாமல் பிடித்துவைப்பது. வெளியிலிருந்து பிடித்தால் போதுமா, உள்ளேயே பிடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து பிடிக்கும் மாவுக்கட்டு முறையை 1852-ல் எழுதி வெளியிட்டவர் அந்தோனியஸ் மத்தெய்சன் என்ற டச்சு ராணுவ டாக்டர். ஜிப்சம் என்ற கல்லைச் சுட்டால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி போய் மாவாகும். அந்த மாவு தடவிய துணியை நனைத்துச் சுற்றினால், நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அப்போது கட்டு கதகதவென்று சுடும். "முறிந்தது முன்கையில், கட்டு ஏன் முழங்கைக்கு மேலே வரை வருகிறது?" என்றும் கேட்கலாம். முழங்கை அசைந்தால் முன்கை எலும்பும் அசையுமே!

மாவுக்கட்டில் கத்தி இல்லை, தையல் இல்லை. ஆனால் வீக்கம் வற்றியதும் கட்டு தளர்ந்து உள்ளே எலும்பு நகரக்கூடும். ஒரு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான்.

தங்கையின் முழங்கைக்கு வருவோம். அங்கே எலும்பு அப்பளம்போல மெலிந்திருக்கும். அதை ஒட்டியே கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. முறிந்த துண்டு நன்றாக விலகிவிட்டால், கட்டால் மட்டும் பிடிக்க முழங்கையை நிறைய மடக்க வேண்டும். வீங்கிய கையை அப்படி மடக்கினால் ரத்த ஓட்டமே தடைப்படும். அதனால்தான் கம்பி. பெரும்பாலும் பெரிய கீறல்கூட வேண்டாம், தோல் வழியாகவே செலுத்திவிடுவார்கள். மூன்று, நான்கு வாரத்தில் வெளியே நீட்டியிருக்கும் நுனியைப் பிடித்து உருவி எடுத்துவிடுவார்கள்.

தொடை எலும்பு இன்னொரு கதை. தொடைத் தசைகள் முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுக்கும். அந்தக் காலத்தில் பெரியவர்களின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவர்களை மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற டாக்டர், எலும்பின் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தினார். ஜெர்மனியில் கைதிகளாக இருந்த எதிர்நாட்டு வீரர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபோது, எக்ஸ்ரேயில் அவர்கள் தொடைக்குள் கம்பியைப் பார்த்து அந்நாட்டு டாக்டர்கள் வியந்துபோனார்களாம்.

ஆபரேஷனுக்கும் விலை உண்டு. மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கிருமி புகும் அபாயம் இருக்கிறது, சிலருக்குக் கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷனும் வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் பெரும்பாலும் தயங்க முடியாது. ஆபரேஷன் அறையில் வைத்துக் காயத்தைக் கழுவியே ஆகவேண்டும்.

வயதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் கிழியும், மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் எலும்பும் சிலசமயம் அப்படித்தான் முறியும். வளர்கிற எலும்பு சிறிய கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் என்பதால் உங்களுக்குப் பல முறிவுகளில் கட்டே போதும். பாட்டிக்கு இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தால் நிலைமை தலைகீழ். வாரக்கணக்கில் படுத்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரலில் சளிக்காய்ச்சலும் வரும். அவரைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கவே ஆபரேஷன்.

நம் ஊரில் பரம்பரை வைத்தியர்கள் போடும் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கும் பலருக்கு எலும்பு கூடுவது உண்மை. எலும்பின் இயல்பு அது. ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு டாக்டரிடம் காட்டாமல் எந்தக் கட்டும் போடக்கூடாது என்பேன். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் சில மணி நேரத்தில் தசை சாக ஆரம்பித்துவிடும்.

யார் போட்ட கட்டாக இருந்தாலும் சரி, விரல்கள் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள். நடு ராத்திரியானாலும் அம்மாவை எழுப்பிச் சொல்லுங்கள்.